கிராம் கணக்கைக் கடைசியில் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ஒற்றை ஆள் கூடாரம்

கேள்வி: முதுகுப்பையோடு நான்கைந்து நாள் நடைபயணம் போக ஒற்றை ஆள் டென்ட் வாங்க வேண்டும். ஒன்றில் 850 கிராம், இன்னொன்றில் 1,000 கிராம் என்று போட்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு 850-ஐ எடுத்துவிடலாமா?

பதில்: கண்ணைத் திறந்து, அந்த 850 எதன் எடை என்று பாருங்கள். 'ட்ரெயில் வெயிட்' அல்லது 'மினிமம் வெயிட்' என்றிருந்தால் உள்கூடாரம், மேல்துணி, கம்பிகள் மூன்றும்தான் கணக்கு. முளைகள், இழுகயிறுகள், உறைகள் அதில் சேராது. எல்லாம் சேர்ந்ததுதான் 'பேக்டு வெயிட்'. ஒரே கூடாரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே 100, 150 கிராம் வித்தியாசம் சாதாரணம். ஒன்றின் சிறிய எண்ணையும் மற்றதன் பெரிய எண்ணையும் பக்கத்தில் வைத்தால், ஒரே எடையுள்ள இரண்டு கூடாரங்கள்கூட வேறு வேறாகத் தெரியும்.

எடைக்கு முன்னால் உங்கள் உடம்பை அளந்துகொள்ளுங்கள். நீளம் 220 செ.மீ. என்று போட்டிருப்பது தரையில் அளந்தது. நீங்களோ 8 செ.மீ. காற்றுமெத்தையின் மேல் உறங்குபைக்குள் படுத்திருப்பீர்கள். கால்விரல் நுனி தரையிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். அந்த உயரத்தில் சுவர் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்பதே கேள்வி. சுவர் தரையோடு 60 பாகைக் கோணத்தில் சாய்ந்திருந்தால் 17 செ.மீ. உள்ளே வந்திருக்கும், இரு முனையிலும் சேர்த்து ஏறத்தாழ 35 போய்விடும், மிச்சம் 185. அதே 220 நீளத்தில் சுவர் 45 பாகை சாய்ந்திருந்தால் மிச்சம் 160 செ.மீ.தான். 175 செ.மீ. உயரமுள்ளவருக்கு முதலாவது தாராளம். இரண்டாவதில் கால்பக்கம் துணியில் முட்டி, விடிவதற்குள் உறங்குபையின் நுனி நனைந்திருக்கும்.

உயரத்துக்கும் ஒரு சோதனை உண்டு. வீட்டில் காற்றடைத்த மெத்தையின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்து, தரையிலிருந்து உச்சந்தலைவரை அளந்து, 5 செ.மீ. கூட்டுங்கள். கூடாரத்தின் உச்சி அதற்குக் குறைவாக இருந்தால் சட்டை மாற்றுவதே ஒரு யோகாசனம். உச்சி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள்: கால்பக்கம் இருக்கும் உச்சியால் உட்காருபவருக்குப் பயனில்லை.

அகலத்தில் ஏமாறுவது கால்பக்கத்தில்தான். பல ஒற்றை ஆள் தரைகள் தலையில் அகன்று காலில் குறுகும். 51 செ.மீ. மெத்தை பெரும்பாலானவற்றில் அடங்கும். 64 செ.மீ. செவ்வக மெத்தையோ கால்பக்கம் 60 செ.மீ. இருக்கும் தரையில் இரு ஓரமும் சுவரில் ஏறி நிற்கும். தரையின் அளவைச் சாக்பீஸால் வீட்டுத் தரையில் வரைந்து, மெத்தையையும் பையையும் அதற்குள் வைத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

இவற்றில் தேறியவற்றுக்குள் எடை குறைந்ததை எடுங்கள்.

கேள்வி: அதே டென்டை சைக்கிள் பயணத்துக்கும் பயன்படுத்தலாமா? 'பைக்பேக்கிங் டென்ட்' என்று தனியாக விற்பதில் ஏதாவது விஷயம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, பெரும்பாலும் கம்பியின் நீளத்தில். சாதாரணக் கூடாரத்தின் கம்பியை மடித்தால் ஒவ்வொரு துண்டும் 40 முதல் 50 செ.மீ. வரும். வளைந்த ஹேண்டில்பாரின் இரு வளைவுகளுக்கு நடுவே, பிரேக் லீவருக்கும் விரலுக்கும் இடம் விட்டால், மிஞ்சுவது 30, 35 செ.மீ. அதனால்தான் சைக்கிளுக்கென்று வருபவற்றில் கம்பியை 30 செ.மீ. அளவுக்குத் துண்டாக்குகிறார்கள். துண்டுகள் கூடினால் இணைப்புகளும் கூடும். சில கிராம் ஏறும்.

நேரான ஹேண்டில்பார் என்றால் இந்தக் கவலையே இல்லை. வளைந்ததாக இருந்தாலும், கம்பியும் துணியும் ஒரே பையில் இருந்தாக வேண்டும் என்று சட்டமில்லை. துணியை முன்னால் சுருட்டிக் கட்டுங்கள். கம்பிக் கட்டைச் சட்டகப் பைக்குள்ளோ மேல் குழாயின் ஓரமாகவோ கட்டுங்கள். கம்பியைத் துணியில் சுற்றியே வையுங்கள். நாள் முழுக்கக் குலுங்கும் அலுமினியம் உரசி உரசிப் பையையும் ஓட்டையாக்கும், தன்னையும் தேய்த்துக்கொள்ளும்.

முன்னால் கட்டியதும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று டயர். முன்ஃபோர்க்கில் சஸ்பென்ஷன் இருந்தால் அதை முழுக்க அமுக்கி வைத்து அளக்க வேண்டும். நிற்கும்போது 10 செ.மீ. இடைவெளி இருக்கிறதே என்று நம்பினால், முதல் பள்ளத்தில் டயர் பையைக் கடிக்கும். இரண்டாவது பிரேக், கியர் கேபிள்கள். பை அவற்றை மடக்கினால் கியர் தானாக மாறும், பிரேக் இழுக்கும்.

நடைக்கோலை ஊன்றி நிறுத்தும் கூடாரங்கள் எடையில் மிகக் குறைவு. கம்பியே இல்லாததால் சைக்கிளில் கட்டுவதும் எளிது. ஆனால் சைக்கிளில் போகிறவர் கையில் நடைக்கோல் ஏது? மடக்குக் கம்பம் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும்; அதன் எடையையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். சைக்கிளையே கம்பமாக நிறுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். காற்றடித்துச் சைக்கிள் சாய்ந்தால் கூடவே கூடாரமும் சாயும்.

கேள்வி: மழையே இல்லாத இரவு. காலையில் மேல்துணியின் உட்புறம் முழுக்க நீர். டென்ட் ஒழுகுகிறதா?

பதில்: ஒழுகவில்லை, வியர்த்திருக்கிறது. மேகமில்லாத இரவில் மேல்துணி தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். உங்கள் மூச்சிலும் கீழே இருக்கும் புல்லிலும் இருந்து வரும் ஈரம் அந்தக் குளிர்ந்த துணியில் பட்டு நீராகக் கோத்துக்கொள்ளும். துணி முழுக்கச் சீராகத் துளிகள் இருந்தால் இதுதான். தையலையொட்டி ஒரே கோடாகவோ ஓரிடத்தில் மட்டுமோ ஈரமிருந்தால் ஒழுக்கு.

இரட்டைச் சுவர்க் கூடாரத்தில் உள்கூடாரத்தின் வலைத்துணி நடுவில் நிற்பதால் இந்த நீர் உங்கள்மேல் படாது. உள்கூடாரம் இல்லாத ஒற்றைச் சுவரில் 200, 300 கிராம் மிச்சம். பதிலுக்குத் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் ஈரச் சுவர். குளிர்ந்த, ஈரமான இடங்களுக்குப் போகிறவர்கள் அந்தக் கிராம்களைச் சுமந்துவிடுவதே மேல்.

இடத்தேர்வு பாதி வேலையைச் செய்யும். பள்ளத்திலும் நீர்க்கரையிலும் போடாதீர்கள். மரக்கிளைக்குக் கீழே மேல்துணி அவ்வளவு குளிராது (பட்ட கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போடுங்கள்). கீழே ஒரு வாசலும் மேலே காற்றுத் துளையும் திறந்திருக்கட்டும். உள்ளே அடுப்பு வேண்டாம். ஈரத்தைவிடப் பெரிய ஆபத்துகள் தீயும் கார்பன் மோனாக்சைடும்.

கேள்வி: சில்நைலான், சில்பாலி, டிசிஎஃப் – எதை எடுப்பது?

பதில்: சில்நைலான், அதாவது சிலிகான் பூசிய நைலான், கிழியாமல் தாங்கும், ஆனால் நனைந்தால் இழுபட்டுத் தொய்யும். மழை தொடங்கி அரை மணியில் ஒருமுறை இழுகயிற்றை முறுக்கிவிட வேண்டும். சில்பாலி என்கிற சிலிகான் பூசிய பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். அதே எடையில் கிழியும் வலு சற்றுக் குறைவு. டிசிஎஃப் (டைனீமா காம்போசிட் ஃபேப்ரிக்) பாய்மரத் துணியிலிருந்து வந்தது. நீரை உறிஞ்சாது, இழுபடாது, மிக லேசு. விலை அதிகம், உரசலைத் தாங்காது, காகிதம் போல விறைப்பாக இருப்பதால் சுருட்டினால் பருமனும் அதிகம். சைக்கிளுக்கு அதைப் பரிந்துரைக்கத் தயக்கமாகவே இருக்கிறது.

துணி விவரத்தில் வரும் '1,200 மி.மீ.' என்பது, துணியின் மேல் அவ்வளவு உயரத்துக்கு நீர் நின்றால்தான் கசியத் தொடங்கும் என்பதன் அளவு. மேல்துணிக்கு அது போதும். முழங்காலும் முழங்கையும் அழுத்தும் தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதல் நல்லது. 'டெனியர்' என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. தரை 15-க்குக் கீழே என்றால் கூழாங்கல்லைப் பொறுக்கிவிட்டுத்தான் விரிக்க வேண்டும்.

இருபுறமும் சிலிகான் பூசிய துணியில் தையல் டேப் ஒட்டாது. அத்தகைய கூடாரம் வாங்கினால், தையல் அடைத்து வந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால் சிலிகான் சீலன்டை மினரல் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பானில் கரைத்து, பெயின்ட் போல ஓடும் பதத்தில், வெளிப்புறத் தையல்மேல் தூரிகையால் தடவி ஒரு நாள் காயவிடுங்கள். காய்ந்ததும் டால்கம் பவுடர் தூவினால் மடிக்கும்போது ஒட்டாது.

கேள்வி: தானே நிற்கும் டென்டுக்கு முளை தேவையில்லைதானே?

பதில்: தேவை. தானே நிற்பது தானே பறக்கவும் செய்யும். குறைந்தது நான்கு மூலையிலும் அடியுங்கள். பாறைத் தரையில் முளை இறங்காவிட்டால், கயிற்று நுனியைச் சிறு கல்லில் கட்டி, அந்தக் கல்லுக்கும் கூடாரத்துக்கும் நடுவே கயிற்றின்மேல் பெரிய கல்லை வையுங்கள். இழுத்தால் சின்னது பெரியதில் முட்டி நிற்கும். மணலில் முளையின் நடுவில் கயிற்றைக் கட்டி, இழுவிசைக்குக் குறுக்கே கிடையாகப் புதைத்து மிதித்துவிடுங்கள்.

கேள்வி: அடியில் தனி விரிப்பு வேண்டுமா?

பதில்: தரைத்துணி மெல்லியதாக இருந்தால் நல்லது. விரிப்பு கூடாரத் தரையைவிட எல்லாப் பக்கமும் 5 செ.மீ. சிறியதாக இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும்.

கேள்வி: வழியில் கம்பி உடைந்தால்?

பதில்: கூடாரத்தோடு விரல் நீளத்தில் ஒரு குழாய் வந்திருக்கும். பலர் என்னவென்று தெரியாமல் வீட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். உடைந்த இடத்தின் பிசிறை நேராக்கி, கம்பியின் நுனி வழியாகக் குழாயை நகர்த்தி, முறிவு சரியாக நடுவில் வரும்படி நிறுத்தி, இரு முனையிலும் டேப் சுற்றுங்கள். வளைந்த இணைப்பின்மேல் குழாய் ஏறாது. அங்கே உடைந்தால் ஒரு முளையை ஒட்டவைத்து இறுகக் கட்டுவதுதான் வழி.