சாமந்தி: விதைத்தால் பழைய பூ வருமா?

கேள்வி: ராயக்கோட்டைப் பக்கம் விவசாயம் செய்கிறேன். போன பட்டத்து மஞ்சள் சாமந்தியில் காய்ந்த பூக்களை எடுத்து வைத்து விதைத்தேன். கொஞ்சம்தான் முளைத்தது. அதை வைத்து 20 சென்ட் நடலாமா? நுனியைக் கிள்ளி நட்டால் அழுகிவிடுகிறது.

பதில்: அந்த நாற்றை நம்பி 20 சென்ட்டையும் நட வேண்டாம். செண்டுமல்லியை விதைத்து எடுப்பது போல சாமந்தியை எடுக்க முடியாது. உங்கள் வயலில் நிற்பது எல்லாம் ஒரே தாய்ச் செடியிலிருந்து கிளைத்து வந்தவை. சாமந்தி தன் மகரந்தத்தில் தானே விதை பிடிப்பது அரிது. அதனால்தான் நீங்கள் உதிர்த்ததில் பெரும்பகுதி பதராக இருந்திருக்கும். முளைத்தவையோ பக்கத்துத் தோட்டத்து வேறு ரகத்தின் மகரந்தம் தேனீ வழியாக வந்து சேர்ந்தவை. ஒன்று வெள்ளையாகப் பூக்கும், ஒன்று ஒற்றை அடுக்காக நிற்கும். சந்தையில் கலப்புப் பூவுக்கு விலை கிடைக்காது. முளைத்ததை ஒரு ஓரத்தில் நட்டுப் பாருங்கள், நல்ல பூ வந்தால் அதையே நுனி வெட்டிப் பெருக்கிக்கொள்ளலாம்.

சரி, நுனி ஏன் அழுகுகிறது? மொட்டு வைத்த நுனியையோ, முற்றிப்போன தண்டையோ எடுத்திருப்பீர்கள், அல்லது பழைய மணலையே மறுபடி பயன்படுத்தியிருப்பீர்கள். பூ பறித்து முடிந்ததும் செடியைத் தரையை ஒட்டி வெட்டி, தொழு உரமிட்டுத் தண்ணீர் விடுங்கள். அடியிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். வேரோடு பிரித்தும் நடலாம், ஆனால் மண்ணில் இருக்கும் நோயும் கூடவே வரும். எனக்கு நுனித்துண்டுதான் பிடிக்கும். மொட்டில்லாத இளந்தளிரில் 5 முதல் 7 செ.மீ. நீளம், கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரான பிளேடால் வெட்டுங்கள். அடி இலைகளை நீக்கி, வேர் ஊக்கித் தூளில் தொட்டு, நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் நிழல்வலைக்குள் வையுங்கள். கையில் பிழிந்தால் தண்ணீர் சொட்டாத ஈரம் போதும். அழுகல் தெரிந்தால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து ஊற்றலாம். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

30 செ.மீ. இடைவெளியில் 20 சென்ட்டுக்கு ஏறத்தாழ 9,000 நாற்று தேவை. ஆனி, ஆடியில் நட்டு, நான்கு வாரத்தில் நுனி கிள்ளுங்கள், பக்கக்கிளை பெருகும். தாய்ச் செடியை மட்டும் பூக்கும்போதே பார்த்துக் கயிறு கட்டி வைத்துவிடுங்கள். வெட்டிய பிறகு எது நன்றாகப் பூத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.