மகள் கேட்பது பாட்டையா, பையையா?

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். மகளுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரத்தில் நான் மிஷினில் இருப்பதால் அவளுக்கு டிவிதான் துணை. பாட்டுக் குழு வைத்திருக்கும் இளம்பெண்களைப் பற்றிய ஒரு வெளிநாட்டுத் தொடரை ஆறு மாதமாக விடாமல் பார்க்கிறாள். அர்த்தம் தெரியாமலே எல்லாப் பாட்டும் மனப்பாடம். அத்தோடு நின்றால் பரவாயில்லை. அந்தப் பெண்களின் முகம் போட்ட பை, தண்ணி பாட்டில், பென்சில் பாக்ஸ், மைக் என்று தினம் ஒன்று கேட்கிறாள். பை மட்டும் 1,200 ரூபாய். முடிக்கு ரோஸ் கலர் அடிக்கச் சொல்லி அழுகிறாள். மாமியார் "ஆட்டக்காரி ஆகப் போறியா" என்று திட்டுகிறார். இவளோ "உன் பாட்டெல்லாம் பட்டிக்காட்டுப் பாட்டு" என்று திருப்பிச் சொல்கிறாள். போன வாரம் ஒருவர் போன் செய்து, மகள் பாடும் வீடியோவைப் பார்த்தேன், 25,000 ரூபாய் கட்டினால் டிவி பாட்டுப் போட்டியில் சேர்த்துவிடுகிறேன் என்றார். கேபிளைப் பிடுங்கிவிடலாமா? பையை வாங்கிக் கொடுத்து வாயை அடைக்கலாமா? என்ன செய்வதென்று தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அன்புத் தங்கைக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 25,000 ரூபாயைக் கட்டாதீர்கள். காசு கொடுத்தால் மேடை என்று போனில் பேசுகிறவரை நம்பி எந்தத் தாயும் பிள்ளையை அனுப்பக் கூடாது. முன்பணம் என்று ஏதாவது அனுப்பியிருந்தால் இன்றைக்கே 1930 என்ற எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுங்கள். இணையம், போன் வழியாகப் பணம் பறிப்பவர்கள் மேல் புகார் சொல்லும் எண் அது. எவ்வளவு சீக்கிரம் பேசுகிறீர்களோ அவ்வளவுக்குப் பணம் திரும்ப வழியுண்டு. மகளின் வீடியோ முன்பின் தெரியாதவர் கைக்கு எப்படிப் போனது என்றும் பாருங்கள். உறவுக்காரர் யாராவது ஆசையாக எங்காவது போட்டிருந்தால் கோபப்படாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

இனி பையின் கதைக்கு வருவோம்.

எனக்கும் ஒரு மகள். 2008-ல் அவளுக்குப் பத்து வயது. தருமபுரியில் நான் டீச்சராக இருந்த காலம். அப்போது அவளுக்கு, பாடகிப் பெண் ஒருத்தியைப் பற்றிய ஹானா மொன்டானா என்ற டிவித் தொடர்மேல் பைத்தியம். மொழி பாதி புரியாது, ஆனாலும் கண்ணாடி முன்னால் சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு பாடுவாள். கடைகளில் அந்தப் பெண்ணின் படம் போட்டது எதைக் கண்டாலும் கையை இழுப்பாள். ஒருநாள் பரீட்சை மார்க் குறைந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்து அலுப்போடு வந்தவள், சுவரில் அவள் ஒட்டியிருந்த படத்தைக் கிழித்துப் போட்டேன். அவள் அழவில்லை. அன்றோடு வீட்டில் பாடுவதை நிறுத்திவிட்டாள். அவளுக்கு இப்போது கல்யாணம் ஆகிக் குழந்தையும் இருக்கிறது. இன்றுவரை அவள் பாடி நான் கேட்டதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்தக் கிழிந்த படம்தான் கண் முன்னால் வந்து நின்றது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் செய்த தப்பு என்னவென்று பின்னால்தான் புரிந்தது. பிள்ளை கேட்டது இரண்டு. ஒன்று பாட்டு, இன்னொன்று பொருள். அவள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. என் கண்ணுக்கும் ஒன்றாகவே தெரிந்ததால் இரண்டையும் சேர்த்துக் கிழித்தேன். ஆனால் அந்த இரண்டையும் யாரோ உட்கார்ந்து, திட்டம் போட்டு, தையல் தெரியாதபடி இணைத்திருந்தார்கள். நீங்கள் தையல்காரர். உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் இணைப்பு எங்கே என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். திருப்பிக் காட்டுகிறேன்.

ஹானா மொன்டானா 2006 மார்ச்சில் டிஸ்னி சேனலில் தொடங்கியது. பகலில் சாதாரணப் பள்ளி மாணவி. ராத்திரியில் பொன்னிற விக் வைத்துக்கொண்டால் ஊரே கொண்டாடும் பாடகி. அதுதான் கதை. நடித்த மைலி சைரஸுக்கு அப்போது 13 வயது. அதே வருடம் அக்டோபரில் தொடரின் பாட்டுகள் ஆல்பமாக வந்தன. வந்த வாரமே அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம். 2007-ல் ஊர் ஊராகக் கச்சேரி, 2008 தொடக்கத்தில் அந்தக் கச்சேரியே சினிமாவாகத் தியேட்டருக்கு வந்தது. சேனல், பாட்டு வெளியிடும் கம்பெனி, படம், கடைச் சரக்கு எல்லாம் ஒரே குடும்பத்துச் சொத்து. ஒன்றில் நுழைந்த பிள்ளை இன்னொன்றின் வாசலுக்குத்தான் போய்ச் சேரும். அந்த விக் இருக்கிறதே, அதுவும் கடையில் விற்றது. சாதாரணப் பெண்ணுக்கும் பாடகிக்கும் நடுவே ஒரு விக்தான் தூரம் என்று கதை சொல்கிறது. அந்த விக் இதோ கிடைக்கிறது என்று கடை சொல்கிறது. உங்கள் மகள் ரோஸ் கலர் முடி கேட்டு அழுவது இதனால்தான். அவள் நெஞ்சில் ஓடுவது முடியைப் பற்றிய ஆசை இல்லை. தானும் அந்தப் பாடகியாகிவிடலாம் என்ற நம்பிக்கை.

இது நேற்று முளைத்த வேலையும் கிடையாது. 1965-லேயே அமெரிக்க டிவித் தயாரிப்பாளர்கள் பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஆள் தேடி, நான்கு இளைஞர்களைப் பொறுக்கி 'தி மங்கீஸ்' என்று ஒரு பாட்டுக் குழுவைத் தொடருக்காகவே உண்டாக்கினார்கள். முதல் ஆல்பங்களில் அவர்கள் பாடினார்களே ஒழிய, வாத்தியங்களைப் பெரும்பாலும் வேறு ஆட்கள் வாசித்தார்கள். எங்கள் பாட்டை நாங்களே வாசிப்போம் என்று பையன்கள் மல்லுக்கு நின்றதில், 1967-ல் அவர்களுடைய இசைக்குப் பொறுப்பாக இருந்த டான் கிர்ஷ்னர் வெளியேற நேர்ந்தது. அடுத்து அவர் கை வைத்தது எதில் தெரியுமா? எதிர்த்துப் பேசவே முடியாத கார்ட்டூன் குழுவில். 'தி ஆர்ச்சீஸ்' என்ற அந்தப் பொம்மைக் குழுவின் பாட்டு 1969-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. காலையில் பிள்ளைகள் பாலில் போட்டுச் சாப்பிடும் இனிப்புத் தானிய அட்டைப்பெட்டியின் முதுகிலேயே, வெட்டி எடுத்து ஓட்டும்படி அவர்களுடைய இசைத்தட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள். பாட்டு வேண்டுமென்றால் பெட்டி வாங்கியாக வேண்டும். 56 வருடம் கழித்து 2025-ல் கொரியப் பாடகிகளைப் பற்றிய ஒரு கார்ட்டூன் படத்தின் பாட்டு அதே முதலிடத்துக்கு வந்தது. நல்ல பாட்டுதான், நானும் கேட்டேன். சட்டை, பை, பொம்மை எல்லாம் அதன் பின்னாலேயே வந்தன.

எட்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு, தன்னிடம் ஒருவர் விற்கப் பார்க்கிறார் என்பதே பிடிபடாது என்று அமெரிக்க உளவியலாளர் சங்கம் 2004-ல் சொன்னது. ஸ்வீடன் நாட்டில் 12 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து டிவியில் விளம்பரம் போடவே கூடாது என்று 1991 முதல் தடை. நம் நாட்டிலும், இதை வாங்கு, வாங்கித்தரச் சொல்லி அப்பா அம்மாவைக் கேள் என்று பிள்ளைகளை நேராக ஏவும் விளம்பரம் கூடாது என 2022-ல் விதி வந்திருக்கிறது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம். உங்கள் மகளுக்கு ஒன்பது வயது, சோப்பு விளம்பரத்தை விளம்பரம் என்று அவள் கண்டுகொள்வாள். ஆனால் தனக்குப் பிடித்த அக்கா பாடிக்கொண்டே தோளில் மாட்டி வரும் பையை அவள் எப்படி விளம்பரம் என்று நினைப்பாள்? பெரியவர்களுக்கே அது கஷ்டம். ஆகவே அவளைப் பேராசைக்காரி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாசி மாதம் உங்கள் ஊர் மயானக் கொள்ளையில் காளி வேஷம் கட்டி வருகிறவர்களை அவள் பார்த்திருப்பாள். நான் சிறுமியாக இருந்தபோது பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். திரௌபதி வேஷம் கட்டியவர் பகலில் எங்கள் தோப்புக்குப் புளி உலுக்க வருகிறவர். ராத்திரி திரையை விலக்கிக்கொண்டு அவர் சலங்கையோடு வந்தால் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். விடிந்ததும் டீக்கடையில் அதே மனிதர், காதுக்குப் பின்னால் அரிதாரம் சரியாகப் போகாமல், பன்னைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பகலில் நம்மைப் போல ஒருவர், ராத்திரியில் வேறொருவர். ஹானா மொன்டானாவின் கதையும் அதுதானே! அந்த ஆசை எல்லா ஊர்ப் பிள்ளைக்கும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்களுக்கு அரிதாரம் கழுவின முகமும் காணக் கிடைத்தது. உங்கள் மகளுக்கு அரிதாரம் பூசின முகத்தை மட்டும் காட்டுகிறார்கள்.

அதனால் கேபிளைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் பக்கத்து வீட்டில் போய்ப் பார்ப்பாள், உங்களிடம் சொல்லாமல். வாரத்தில் இரண்டு நாள், அரை மணி நேரம் மிஷினை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தொடரைப் பாருங்கள். கண்டிக்கிற முகத்தோடு வேண்டாம். எந்தப் பாட்டு உனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன் என்று கேளுங்கள். அவளாகச் சொல்லத் தொடங்கிய பிறகு, இந்தப் பாட்டை யார் எழுதியிருப்பார்கள், இந்தப் பெண்ணுக்கு யார் முடி பின்னியிருப்பார்கள், இந்தச் சட்டையை யார் தைத்திருப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நீங்களே நிபுணர். பக்கத்து ஊரில் கூத்து நடந்தால் சாயங்காலமே கூட்டிப்போய், பெரியவர்களிடம் கேட்டு, வேஷம் கட்டுகிற இடத்தைக் காட்டுங்கள். கிரீடத்தையும் தோளில் கட்டும் புஜகீர்த்தியையும் கையில் தூக்கிப் பார்க்கட்டும்.

பை வேண்டாம். பழைய பை கிழியும்வரை புதுப்பை இல்லை என்று ஒரே தடவை, சத்தம் போடாமல் சொல்லுங்கள். சொன்ன பிறகு மாறாதீர்கள். அழுகைக்கு இளகி நாலாவது நாள் வாங்கிக் கொடுத்தால், நாலு நாள் அழ வேண்டும் என்று கற்றுக்கொடுத்ததாகிவிடும். முடிச் சாயமும் வேண்டாம், சின்னப் பிள்ளையின் தோல் அதைத் தாங்காது. ரோஸ் கலர் உல்லன் நூலைச் சவுரி மாதிரி பின்னலில் சேர்த்துப் பின்னிவிடுங்கள். விடுமுறை நாளில் வீட்டுக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்தச் சடையோடு ஆடட்டும்.

பாட்டை மட்டும் தடுத்துவிடாதீர்கள். அர்த்தம் தெரியாமல் இத்தனை பாட்டை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்குக் காதும் நாக்கும் நன்றாக இருக்கின்றன. டிவியை அணைத்துவிட்டுப் பாடச் சொல்லுங்கள். பள்ளி ஆண்டு விழாவில் பாடட்டும். பக்கத்தில் யாராவது ஆர்மோனியமோ கீபோர்டோ சொல்லித்தந்தால் சேர்த்துவிடுங்கள். பைக்கு ஆகும் காசு அதற்குப் போகட்டும்.

பின்னால் என்றைக்காவது முறையான வாய்ப்பாகவே டிவி நிகழ்ச்சி வந்தாலும் சட்டம் சொல்வதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 14 வயது நிரம்பாத பிள்ளையை நிகழ்ச்சியில் பங்கேற்க வைக்க மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் பிள்ளை பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். 2017-ல் வந்த மத்திய அரசு விதிகள் இவை. போனில் பேசினவரிடம் இதில் ஒன்றைக் கேட்டிருந்தால் அப்போதே போனை வைத்திருப்பார்.

உங்கள் மாமியாரிடம் தனியாகப் பேசுங்கள். "ஆட்டக்காரி" என்ற சொல் ஒன்பது வயதுப் பெண்ணின் நெஞ்சில் எத்தனை வருடம் தங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. மகளிடமும் சொல்லுங்கள், பாட்டியின் பாட்டைப் பழித்தால் அன்றைக்கு டிவி இல்லை என்று. பிறகு ஒரு சாயங்காலம் பாட்டியை ஒரு நடவுப் பாட்டோ தாலாட்டோ பாடச் சொல்லி, மகளை அதை உங்கள் போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். போனையே மைக்காக அவள் பிடிக்கட்டும், பாட்டி பாடட்டும்.

இன்னொன்று. அந்தப் பெண்கள் போட்டிருக்கும் ஜாக்கெட்டைப் போல ஒன்று வெட்டுத் துணியில் உங்களால் தைக்க முடியும். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, துணியை அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஜிகினாவை அவள் கையாலேயே ஒட்டச் சொல்லித் தையுங்கள். வளரும் பிள்ளை, கையில் கொஞ்சம் மடிப்பு விட்டுத் தையுங்கள்.