அன்றாட வேலைகளை இங்கிலீஷில் சொல்வது எப்படி? கேள்வி பதில்

இங்கிலீஷ் பேசத் தொடங்கியிருப்பவர்கள் தங்கள் ஒரு நாளை விவரிப்பது பற்றிக் கேட்டவை இவை.

இல்லத்தரசி ஒருவர்: டீச்சர், "அஞ்சரைக்கு எழுந்திருப்பேன்" என்பதை "ஐ வில் கெட் அப் அட் ஃபைவ் தர்ட்டி" என்று சொன்னேன். மகள் தப்பு என்கிறாள். ஏன்?

மகள் சொல்வது சரி. ஆனால் நீங்கள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் நம் தமிழ்தான். வழக்கமாகச் செய்வதை நாம் எதிர்கால வடிவில் சொல்கிறோம்: எழுந்திருப்பேன், கோலம் போடுவேன், பால் காய்ச்சுவேன். அதனால் 'வில்' தானாக வாயில் வந்துவிடுகிறது. கேட்பவரோ நாளைக்கு எழப்போவதாக எடுத்துக்கொள்வார். வழக்கத்துக்கு வினைச்சொல் மட்டும் போதும்: "ஐ கெட் அப் அட் ஃபைவ் தர்ட்டி. ஐ பாயில் த மில்க். ஐ பேக் த லஞ்ச் பாக்ஸஸ்."

எதிர்மறையில் இன்னும் கவனம் வேண்டும். "காபி குடிக்க மாட்டேன்" என்பதை அப்படியே "ஐ வோன்ட் ட்ரிங்க் காபி" என்றால், கொடுத்த காபியை முகத்துக்கு நேரே மறுத்தது போல இருக்கும். பழக்கமில்லை என்று சொல்ல "ஐ டோன்ட் ட்ரிங்க் காபி."

கல்லூரி மாணவர்: "ஐ ஆம் கோயிங் டு காலேஜ் எவ்ரிடே" என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். தப்பா மேடம்?

புரியும், ஆனாலும் மாற்றிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் இருக்கும்போது போன் வந்தால் "ஐ ஆம் கோயிங் டு காலேஜ்". தினமும் எதில் போவீங்க என்று கேட்டால் "ஐ கோ பை பஸ்".

இரவுப் பணி செய்பவர்: புத்தகத்தில் எல்லோரும் காலை ஆறுக்கு எழுகிறார்கள். நான் அப்போது வேலையில் இருப்பேன். என்ன சொல்வது?

உங்கள் நாளையே சொல்லுங்கள். புத்தகத்து நாளை மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த கேள்வியிலேயே தடுமாறுவதைப் பார்க்கிறேன். "ஐ வொர்க் நைட்ஸ். ஐ கெட் ஹோம் அட் செவன் இன் த மார்னிங். ஐ ஸ்லீப் டில் டூ." இந்த வாரம் மட்டும்தான் இரவு ஷிப்ட் என்றால், "திஸ் வீக் ஐ ஆம் வொர்க்கிங் நைட்ஸ்." தற்காலிகம் என்பதால் இங்கே 'இங்' சரி.

தையல் வேலை செய்பவர்: அம்மாவைப் பற்றிச் சொல்லும்போது 'எஸ்' விட்டுப்போகிறது அக்கா.

அது எல்லோருக்கும் விட்டுப்போகும். ஹி, ஷி, இட், அல்லது ஒரே ஒருவரின் பெயர் வந்தால் வினைச்சொல்லில் 'எஸ்' சேரும்: "மை மதர் குக்ஸ்." ஒலியைக் காதில் வாங்குங்கள். குக்ஸ், கெட்ஸ் என்பதில் வெறும் காற்றுதான். கோஸ், க்ளீன்ஸ் என்று சொல்லும்போது தொண்டையில் விரல் வைத்தால் கடைசி ஒலியும் அதிரும். வாஷ், டீச் போன்றவற்றில் ஓர் அசையே கூடும்: வாஷிஸ், டீச்சிஸ். 'டஸின்ட்' வந்தால் அந்த 'எஸ்' அதற்குள் போய்விட்டது. "ஷி டஸின்ட் குக்", அவ்வளவுதான். 'குக்ஸ்' வேண்டாம்.

அட், இன், ஆன்?

மணிக்கு அட், கிழமைக்கு ஆன், காலை மாலைக்கு இன் த மார்னிங், இன் த ஈவ்னிங். இரவுக்கு மட்டும் அட் நைட்.

வேலை தேடுபவர்: ஆல்வேஸ், யூஷுவலி எங்கே வரும்?

வினைக்கு முன்னால்: "ஐ யூஷுவலி வாக்." ஆம், இஸ், ஆர் இருந்தால் அதற்குப் பின்னால்: "ஐ ஆம் ஆல்வேஸ் ஆன் டைம்."

வீட்டில் பேச யாரும் இல்லை. எப்படிப் பழகுவது?

பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் நாக்கு பழகாது. முதலில் 'ஐ' வைத்து உங்கள் நாள். அது சரளமானதும் வீட்டில் இன்னொருவருடைய நாள், அப்போதுதான் 'எஸ்' படியும். பிறகு கேள்விகள்: "வாட் டைம் டு யூ ஹாவ் லஞ்ச்?", "வாட் டைம் டஸ் ஷி கம் ஹோம்?" 'கம் டு ஹோம்' என்று 'டு' சேர்க்காதீர்கள்.