கண்ணில் திடீர் கரும்புள்ளிகள்: அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள்

வலது கண்ணில் இரண்டு நாளாகக் கரும்புள்ளிகள் மிதக்கின்றன, இருட்டில் ஓரமாக மின்னல் வெட்டுகிறது, வலி இல்லாததால் அடுத்த வாரம் காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே போங்கள். வலி இல்லை என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், விழித்திரைக்கு (கண்ணின் பின்புறம் ஒளியை உணரும் மெல்லிய படலம்) வலி தெரியாது.

வயது 50 தாண்டினால் கண்ணுக்குள் இருக்கும் கூழ் சுருங்கி விழித்திரையை விட்டு விலகுவது சகஜம். பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி, புள்ளிகள் கொஞ்ச நாள் தொந்தரவு செய்யும், அவ்வளவுதான். ஆனால் சிலருக்கு அது விலகும்போது விழித்திரையையும் சேர்த்துக் கிழித்துவிடும். நீங்கள் பார்க்கும் மின்னல் அந்த இழுப்பால் வருவது. உங்களுக்குக் கண்ணாடி பவர் மைனஸ் 7 வேறு. கிட்டப்பார்வை அதிகமிருந்தால் ஆபத்தும் அதிகம். கிழிசலோடு நின்றால் பெரும்பாலும் லேசர் போட்டு அன்றே அனுப்பிவிடுவார்கள். விழித்திரை கழன்றுவிட்டால் அறுவை சிகிச்சைதான், பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஓரத்தில் திரை இறங்குவதுபோல நிழல் தெரிந்தால் நடுராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிடுங்கள். அப்புறம், பரிசோதனைக்காகக் கண் பாப்பாவை (கருவிழியின் நடுவில் ஒளி நுழையும் துளை) விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், சில மணி நேரம் மங்கலாக இருக்கும். வண்டி ஓட்ட வேண்டாம், யாரையாவது கூட அழைத்துப் போங்கள்.