சீலிங்கில் தேநீர் நிறக் கறை

ஐயா, பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களுடையது இருபது வருடப் பழைய மாடி வீடு, வரிசை வீடுகளில் நடுவில் உள்ளது. வெளிநாடுகளில் இலையுதிர் காலத்திலேயே, குளிர் வருமுன் வீட்டைச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். நமக்குக் குளிர் ஏது? ஆனால் தீபாவளி நெருங்கினாலே பின் அறை சீலிங்கில் கறை வந்துவிடுகிறது. போன வருடம் கூரை முழுக்கப் பூச்சு அடித்தோம். இரண்டே மாதத்தில் மறுபடி ஒழுகல். எதைத்தான் பார்ப்பது?
- வாசகி, ஜெலுத்தோங்

அன்புள்ள வாசகிக்கு,

நமக்கும் பருவக் கணக்கு உண்டு. பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை உச்சம். கோலாலம்பூரில் நவம்பர். அதனால் ஆகஸ்ட் முடிவதற்குள் பார்த்துவிடுங்கள். தீபாவளிக்கு பெயின்ட் அடிக்கிறோம் என்று அந்தக் கறையை மட்டும் மூடிவிடாதீர்கள். அதை வைத்துத்தான் துப்புத் துலக்க வேண்டும்.

கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மழைக்கு மறுநாள் அது கோட்டைத் தாண்டினால் கோளாறு கூரையில். மழையே இல்லாத வாரத்திலும் விரிந்தால் கூரைக்காரரைக் கூப்பிட வேண்டாம். சீலிங்குக்கு மேலே உள்ள தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வு, குழாய் மூட்டு, ஏர்கோன் வடிகுழாய் ஆகியவற்றைப் பாருங்கள்.

கூரைதான் என்றால், கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். உள்ளே வந்த தண்ணீர் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கீழ்நோக்கி ஓடி, ஆணியோ மூட்டோ தடுக்கும் இடத்தில்தான் சொட்டும். பகலில் சீலிங் கதவைத் திறந்து, விளக்கில்லாமல் சில நிமிடம் மேலே பாருங்கள். வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அங்கே ஓடு உடைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. பிறகு டார்ச்சு அடித்து, சட்டத்தில் கறுத்த தண்ணீர்த் தடம் எங்கே தொடங்குகிறது என்று மேல்நோக்கித் தேடுங்கள். தடமே தெரியாவிட்டால் ஹோஸ் சோதனை. ஒருவர் உள்ளே டார்ச்சோடு இருக்க, வெளியே கூரையின் அடிப்பகுதியில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் 10 முதல் 15 நிமிடம் தண்ணீர் விட்டு, படிப்படியாக மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்து, எது ஒழுகுகிறது என்று தெரியாமல் போகும்.

வரிசை வீட்டில் என் முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுப் பொதுச் சுவரோடு ஓடு சேரும் இடம்தான். அங்கே சிமெண்டு பூசியிருப்பார்கள். வெயிலில் கூரைச் சட்டமும் செங்கல் சுவரும் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால் சிமெண்டு வெடிக்கிறது. நீங்கள் அடித்த பூச்சு மெல்லிய படலம், அந்த அசைவில் அதுவும் கிழியும். வெடித்த சிமெண்டைக் கொத்தி எடுத்து, தூசி தட்டி, நன்றாகக் காய்ந்தபின் பாலியூரித்தேன் சீலன்ட் (ரப்பர் போல வளையும் அடைப்புப் பசை) போட வேண்டும். அதன்மேல் தகரத் தகடு வைத்து, மேல் விளிம்பைச் சுவரில் வெட்டிய காடியில் செருகி, கீழ் விளிம்பு ஓட்டின்மேல் 15 சென்டிமீட்டராவது படியும்படி விட வேண்டும். குளியலறைக்குப் போடும் சாதாரண சிலிக்கான் இங்கே வேண்டாம், சிமெண்டில் அது சரியாகப் பிடிக்காது.

கூரை ஓரத்தில் மழைநீரை வடிக்கும் கட்டரையும் விட்டுவிடாதீர்கள். சருகை அள்ளிவிட்டு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அப்போதும் வடியாமல் தேங்கினால், சரிவு போதவில்லை என்று அர்த்தம். மூன்று மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவாவது இருக்கட்டும். தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும்.

ஒழுகல் உள்ள வீட்டில் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சில் 'டி' (T) எழுத்துள்ள பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உரிமம் உள்ள வயர்மேனை அழையுங்கள், தள்ளிப்போட வேண்டாம். மழையில் மட்டும் அந்தச் சுவிட்ச் தானாக விழுந்தால், முதலில் வாசல் விளக்கையும் ஆட்டோ கேட் மோட்டார் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூரைமேல் நீங்கள் ஏற வேண்டாம். வேலைக்கு ஆள் வந்தால், கொத்தும் முன் ஒரு படம், தகடு பதித்தபின் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இரண்டையும் பார்த்த பிறகு மீதிக் கூலியைக் கொடுங்கள்.