தூரம், முட்டு, ஆபரேஷன்: கேட்டவை சில, சொன்னவை சில

தருமபுரிப் பக்கம் பெண்களின் இனப்பெருக்க நலம் பற்றி சமூகவியலில் பிஎச்.டி. செய்கிறேன், கல்லூரியில் பாடமும் எடுக்கிறேன். வந்த கேள்விகளில் ஐந்து இங்கே.

பாலக்கோடு, எம்.ஏ. மாணவி: அக்கா, கேள்வித்தாளோட போனா யாரும் வாயே திறக்க மாட்டேங்கறாங்க.

எனக்கும் அப்படித்தான் ஆச்சு. "கருக்கலைப்பு செய்ததுண்டா?" என்று கேட்டேன். வீடு வீடாக "இல்லைங்க" என்றுதான் பதில். அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "எத்தனை தடவை முழுகாம இருந்தீங்க? ஒவ்வொண்ணும் என்னாச்சு?" போன மாசம் "இல்லை" என்ற அதே அம்மா விரலை மடக்கி எண்ணினார். நாலாவது விரலில் நின்று, "அது கலைப்பு இல்லம்மா, நாள் தள்ளிப்போச்சு, மாத்திரை போட்டு வரவச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, என் வார்த்தைதான் அவர் வீட்டு வார்த்தை இல்லை. இன்னொன்று, மாமியார் திண்ணையில் இருந்தால் நோட்டை மூடிவிட்டு ராகி விலையைப் பேசுங்க.

அரூர், ஆய்வு மாணவர்: ஆம்பளை நான் இந்தத் தலைப்பை எடுக்கலாமா?

எடுங்க தம்பி, ஆனா ஆண்களிடம் கேளுங்க. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 சதவீதம். இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு நடந்து வரலாம். ஏன் வரமாட்டேன் என்கிறார்கள் என்பதை என்னைவிட நீங்கள்தான் டீக்கடையில் உட்கார்ந்து கேட்க முடியும்.

பென்னாகரம்: கருவைக் கலைக்கப் புருஷன் கையெழுத்து வேணுமா?

வேண்டாம். 18 வயது முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், 1971 சட்டமே அப்படித்தான். கையெழுத்து கேட்பது ஆஸ்பத்திரிப் பழக்கம். 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு டாக்டர் கருத்து போதும். சில நிலைமைகளில் இரண்டு டாக்டர் சொன்னால் 24 வாரம் வரை போகலாம். அந்த 24 வாரத்தில் மணமாகாத பெண்களையும் சேர்க்கணும் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேன்கனிக்கோட்டை, ஆசிரியை: பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, கன்னடம். இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது?

அதுதான் உங்க கையில் இருக்கிற சரக்கு, டீச்சர். மாதவிடாய்க்கு உங்க வீட்டில் என்ன சொல்வாங்க என்று பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் வாங்குங்க. எங்க வகுப்பில் 'தூரம்' வந்தது, 'தலைக்கு ஊத்தறது' வந்தது, 'முட்டு' வந்தது. கன்னடத்தில் முட்டு என்றால் தொடுவது என்றும் பொருள். ஒரு மொழியில் தூரம், இன்னொன்றில் தொடுதல்! தீட்டு பற்றி நான் வாயே திறக்கவில்லை, அந்த இரண்டு வார்த்தையை வைத்துப் பிள்ளைகளே ஒரு மணி நேரம் பேசினார்கள். "உன் அனுபவத்தைச் சொல்லு" என்று மட்டும் யாரையும் எழுப்பாதீங்க. ஒரு சீட்டில், "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, இந்தப் பாடம் வந்தா எல்லாரும் என்னையே திரும்பிப் பாக்கறாங்க" என்று இருந்தது. அதற்குப் பிறகு சீட்டுகளை வகுப்பில் படிப்பதை விட்டுவிட்டு, கேள்வியை மட்டும் என் கையெழுத்தில் போர்டில் எழுதுகிறேன்.

காரிமங்கலம்: பேசறவங்களுக்குக் காசு தருவீங்களா?

தருவதில்லை. ஆனா களை எடுக்கிற நாளில் உட்காரவைத்தால் அவங்களுக்கு அரைநாள் கூலி போச்சே? அதனால் நானும் கொத்தோடு இறங்கிடுவேன். என் ரெக்கார்டிங்கில் பாதி மண் கொத்துற சத்தம்.