யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக நாலு லட்சம் கடனா?

கேள்வி: எனக்கு வயது 31. கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. கையில் வரும் சம்பளம் 58,000 ரூபாய். உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. மூன்று வருடங்களாக எடைக்குறைப்பு மையங்களில் பேக்கேஜ் மேல் பேக்கேஜாகக் கட்டியதில் கிரெடிட் கார்டில் 1,10,000 ரூபாய் நிற்கிறது. மாதாமாதம் மினிமம் தொகையாக 5,500 கட்டுகிறேன். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது டாக்டர், இரைப்பையைச் சிறிதாக்கும் 'ஸ்லீவ்' அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார். மருத்துவமனை சொன்ன செலவு 4,20,000. அலுவலகத்தில் 5 லட்சத்துக்குக் குழுக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அம்மா, "வரன் பார்த்துக்கிட்டு இருக்கோம். ஆபீஸ்ல தெரிஞ்சா நாளைக்கே ஊருக்குத் தெரிஞ்சுடும். இன்ஷூரன்ஸ் பக்கமே போகாதே" என்கிறார். 15% வட்டியில் மூன்று வருட பர்சனல் லோன் எடுக்கலாமா? மருத்துவமனையில் சொல்லும் வட்டியில்லா இஎம்ஐ நல்லதா? முகவராக இருக்கும் சித்தப்பா, எடையை 75 என்று போட்டுப் புதுப் பாலிசி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். சேமிப்பு என்றால் ஆர்.டி.யில் 90,000 மட்டும்தான்.

பதில்: எந்தக் கடன் நல்லது என்று கேட்கிறீர்கள். இதில் கடனே தேவையில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிக்கனம் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. கணக்கு தெரிந்தவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. உங்கள் பணத்தைத் தின்பது ஒரே ஒரு பழக்கம்: உடம்பைப் பற்றிய எதையும் மறைத்துச் செய்வது. அந்தப் பழக்கம்தான் கார்டில் ஒரு லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. அதுதான் இப்போது இன்னொரு நாலு லட்சத்துக்கு உங்களை இழுக்கிறது.

முதலில் கார்டு. பாக்கி வைப்பவர்களிடம் பல வங்கிகள் மாதம் 3.5 சதவீதம் வரை வட்டி வாங்குகின்றன. 1,10,000-க்கு அது 3,850 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி ஏறக்குறைய 690. ஆக 4,540 போய்விடுகிறது. நீங்கள் கட்டும் 5,500-இல் அசல் குறைவது ஆயிரத்துக்கும் கீழே. அதே கார்டில் மளிகையோ பெட்ரோலோ போட்டால் அதுவும் இல்லை. பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய தேதியிலிருந்தே வட்டி ஓடும். மூன்று வருடமாக இதை யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஆள் முதல் மாதமே நிறுத்தச் சொல்லியிருப்பார்.

இப்போது அந்த பர்சனல் லோன். 4,20,000-க்கு 15 சதவீதத்தில் 36 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 14,560. மூன்று வருடத்தில் கட்டுவது 5,24,000. வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம் என்று வைத்தால், ஜிஎஸ்டியோடு இன்னொரு பத்தாயிரம். ஐந்து லட்சம் காப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நாலு பேருக்குத் தெரியாமல் இருக்க நீங்கள் தரும் விலை ஐந்தேகால் லட்சம்.

வட்டியில்லா இஎம்ஐ என்பதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பொறுமை போய்விடும். 12 மாதத் திட்டம் என்றால் மாதம் 35,000. உங்கள் சம்பளத்தில் பாதிக்கு மேல். மொத்தப் பணத்தையும் ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அதே மேசையில் கேட்டுப் பாருங்கள். குறைக்கிறேன் என்று ஒரு தொகை சொன்னால், அதுதான் நீங்கள் கட்டப்போகும் வட்டி. சித்தப்பா சொல்லும் வழி அதைவிட மோசம். எடையை 75 என்று எழுதிக் கொடுத்த பாலிசியில் 104 கிலோவுக்கான அறுவை சிகிச்சை கேட்டால், பொய் சொன்னதாகப் பாலிசியையே ரத்து செய்ய அவர்களுக்கு வழி இருக்கிறது. உண்மையைச் சொல்லி எடுத்தாலும், ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம். இந்த அறுவை சிகிச்சைக்கு அது உதவாது. சித்தப்பாவிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, அலுவலகக் காப்பீட்டுக்கு வருவோம். உடல் பருமன் அறுவை சிகிச்சைக்குக் காப்பீடே கிடைக்காது என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, எதையெல்லாம் விலக்கலாம் என்பதற்கு ஒரே மாதிரியான வாசகங்களைக் கொண்டுவந்தது. அதன்படி பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 40 அல்லது அதற்கு மேல் இருந்து, வயது 18 ஆகியிருந்து, டாக்டரின் ஆலோசனைப்படி, மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டுச் செய்தால், பருமனுக்கான அறுவை என்ற காரணத்துக்காக மட்டும் தள்ள முடியாது. 35 அல்லது அதற்கு மேல் என்றால் கூடவே கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்), இதயத் தமனி நோய், பருமனால் வந்த இதயத்தசை நோய், இவற்றில் ஒன்று இருக்க வேண்டும். மற்ற எளிய வழிகளும் முயன்று தோற்றிருக்க வேண்டும். இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் இதைவிடக் குறைந்த பிஎம்ஐ-யிலேயே, அதிலும் ஆசியர்களுக்கு இன்னும் குறைவாகவே, அறுவையைப் பரிந்துரைக்கின்றன. ஆக டாக்டர் செய்யலாம் என்பதும் காப்பீடு பணம் தரும் என்பதும் ஒன்றல்ல.

உங்கள் கணக்கு என்ன? 158 செ.மீ.க்கு 104 கிலோ என்றால் பிஎம்ஐ 41.7. எல்லைக்கு மேலே இருக்கிறீர்கள், ஆனால் அதிக தூரத்தில் இல்லை. இங்கேதான் உங்களுக்கு ஒரு சின்ன ஆபத்து இருக்கிறது. அறுவைக்கு முன் ஈரலைச் சுருக்குவதற்காக இரண்டு வாரம் போலக் குறைந்த கலோரி உணவு கொடுப்பார்கள். அது அவசியம், தவிர்க்கக் கூடாது. அதில் ஐந்து கிலோ குறைந்து 99 ஆனால் பிஎம்ஐ 39.7. அந்த எடையை மட்டும் விண்ணப்பத்தில் போட்டால், 40-க்குக் கீழே என்று ஒருவர் திருப்பி அனுப்பிவிடலாம். உயரமும் அப்படித்தான். செருப்போடு நிற்கவைத்து 162 என்று எழுதினால், அதே 104 கிலோவுக்குக் கணக்கு 39.6-க்கு இறங்கிவிடும். ஆகவே அந்த உணவு தொடங்கும் முன்பே, செருப்பில்லாமல் அளந்த உயரமும் எடையும் தேதியோடு டாக்டரின் குறிப்பில் கையெழுத்தாகி இருக்கட்டும். காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதிக்கும் அப்போதே விண்ணப்பியுங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னால் அந்த அறிக்கையும் கோப்பில் சேரும்.

இன்னொன்று. இத்தனை நாள் மறைத்து வைத்த எடைக்குறைப்பு மையத்து ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வேறு வழிகளை முயன்றதற்கு அவையும் ஒரு சான்று. பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தாலும் இதைக் கேட்பது உண்டு. டயட்டீஷியன் எழுதிய தாள்கள் இருந்தால் இன்னும் நல்லது.

குழுக் காப்பீட்டின் முழு வாசகத்தை ஹெச்.ஆர். பிரிவிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். இரண்டே விஷயம் பாருங்கள். பருமன் அறுவைக்குத் தனி உச்சவரம்பு இருக்கிறதா என்பது ஒன்று. அறை வாடகை வரம்பு எவ்வளவு என்பது இன்னொன்று. பல நிறுவனங்களில் அது ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது உங்களுக்கு 5,000. நீங்கள் 8,000 ரூபாய் தனி அறையில் படுத்தால் வாடகை வித்தியாசத்தோடு நிற்காது. சர்ஜன் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். இருவர் அறை போதும். சிறு துளைகள் வழியாக, லேப்ராஸ்கோப் முறையில் செய்வதால் பெரும்பாலும் சில நாட்களில் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். இப்படிச் செய்தால், தனி உச்சவரம்பு குறுக்கே வராதவரை, காப்பீட்டில் வராத பொருட்கள், முன்பரிசோதனை எல்லாம் சேர்த்து உங்கள் கைப்பணம் 50,000, 60,000-த்தில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஆர்.டி. இருக்கிறது.

முன் அனுமதியை மறுத்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்குப் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை. வேலை மாறும் எண்ணம் இருந்தால் ஒத்திப் போடுங்கள். ராஜினாமா செய்து வெளியே வரும் நாளோடு குழுக் காப்பீடு முடிந்துவிடும்.

எல்லா வழியும் அடைபட்டு, தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டரும் சொன்னால் மட்டும் கடனை யோசியுங்கள். அப்போதும் பர்சனல் லோனைவிட வட்டி குறைந்த நகைக்கடன்தான் முதலில்.

அம்மாவின் கவலைக்கு வருகிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மகளை யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்ற பயம்தான். ஆனால் காப்பீட்டுக் கோரிக்கையைப் பார்ப்பவர்கள், கோரிக்கைகளைக் கையாளும் இடைநிலை நிறுவனமான டிபிஏ-வும் காப்பீட்டு நிறுவனமும். உங்கள் மேலாளருக்கு "ஒரு சர்ஜரி, இரண்டு வாரம் லீவு" என்பதற்கு மேல் தெரிய வேண்டியதில்லை. ஊருக்குச் சொல்ல வேண்டாம், சரி. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மட்டும் மறைக்க முடியாது. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். ஒரு வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம்தான் இறங்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி என்று மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தவிர்க்கச் சொல்வார்கள். கல்யாணமான மறுமாதமே "விசேஷம் உண்டா" என்று கேட்கும் வீட்டில் இதை எப்படி மறைப்பது? அம்மாவிடம் கணக்கைக் காட்டுங்கள். கல்யாண வருடத்தில் மாதம் 14,560 ரூபாய் இஎம்ஐ கட்டும் பெண்ணுக்கு, அந்தக் கடனையும் யாரிடமிருந்தாவது மறைக்க வேண்டியிருக்கும். அதே உட்காரலில் கார்டு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். திட்டுவார், அப்புறம் பக்கத்தில் நிற்பார்.

வாரம் ஒரு ஊசி போதுமே என்று யாராவது சொல்லியிருக்கலாம். 2025-இல் எடை குறைக்கும் ஊசிகளான வெகோவியும் மவுஞ்சாரோவும் இந்தியாவுக்கு வந்தபிறகு இந்தப் பேச்சு அதிகம். அவை வேலை செய்யும் மருந்துகள்தான், யாருக்கு எது என்பது டாக்டரின் முடிவு. பணத்தின் பக்கம் பார்த்தால், அது முடியாத மாதச் செலவு. நிறுத்தினால் பலருக்கு எடை திரும்புகிறது. மருத்துவமனையில் சேராமல் எடுப்பதால் பெரும்பாலான குழுக் காப்பீடுகளில் பணமும் வராது. உங்கள் கார்டு இருக்கும் நிலையில் அதையும் அதில் தேய்த்து ஆரம்பிக்காதீர்கள்.

ஆர்.டி.யை முடித்து 60,000-ஐ சிகிச்சைக்கு ஒதுக்குங்கள். மீதி 30,000-ஐ இன்றே கார்டில் கட்டுங்கள். நிற்பது 80,000. இஎம்ஐ கட்டத் தயாராக இருந்த அதே 14,500-ஐ மாதாமாதம் கார்டில் போட்டு, புதிதாக எதுவும் தேய்க்காமல் இருந்தால் ஏழாவது மாதம் பாக்கி தீரும். அதற்குப் பிறகு மாத்திரை, புரதப் பவுடர், ரத்தப் பரிசோதனைக்கு மாதம் 3,000 தனியாக எடுத்து வையுங்கள். தொடர் பரிசோதனையை நிறுத்துகிறவர்களுக்குத்தான் சத்துக்குறைவு தெரியாமலே முற்றுகிறது. எடைக்குறைப்பு மையத்துக்கு ஆட்டோ டெபிட் ஏதாவது கொடுத்திருந்தால், அடுத்த பில் தேதிக்கு முன் வங்கி ஆப்பில் அதை ரத்து செய்துவிடுங்கள்.